மூலிகை, உணவு, இதயம்: முழுமை எங்கே இருக்கிறது?

1949இல் பிரிட்டனின் இதயவியல் இதழில் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் எழுதிய கட்டுரை ஒன்று வெளியானது. சர்ப்பகந்தா என்ற செடியின் வேரை உயர் ரத்த அழுத்தம் உள்ள 50 பேருக்குக் கொடுத்து, அழுத்தம் எவ்வளவு இறங்கியது, என்னென்ன தொந்தரவுகள் வந்தன என்று அளந்து எழுதிய கட்டுரை அது. வேர் நம் நாட்டுக்குப் புதிதல்ல. தமிழில் சிவன் அமல்பொடி என்ற பெயரும் அதற்கு உண்டு. பாம்புக்கடிக்கும் தூக்கமின்மைக்கும் சித்தம் கலங்கியவர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்தார்கள். பீகாரில் பைத்தியத்துக்கான மருந்து என்றே அதைக் கேட்டு வாங்குவார்கள். வக்கீல் செய்த புதுமை, அந்த வேரை ரத்த அழுத்தக் கருவிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதுதான்.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய செய்தி என்பதை உணர, நான்கு ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். 1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். அன்று அவருடைய ரத்த அழுத்தம் 300/190 வரை போயிருந்தது. உலகின் மிக வலிமையான நாட்டுத் தலைவருக்கு அவருடைய இதய மருத்துவரால் கொடுக்க முடிந்தவை டிஜிட்டாலிஸ் என்ற இலை மருந்து, உறக்க மருந்து, உப்புக் குறைந்த உணவு, ஓய்வு. அவ்வளவுதான். ரத்த அழுத்தத்தை நேரடியாக இறக்கும், வாயால் விழுங்கக்கூடிய, நம்பகமான மருந்து எதுவும் அப்போது இல்லை. அழுத்தம் கட்டுமீறிப் போனவர்களுக்கு முதுகெலும்பை ஒட்டிய நரம்புகளை அறுத்தெடுக்கும் அறுவை சிகிச்சை செய்தார்கள்.

சர்ப்பகந்தாவின் வரலாற்றில் வக்கீல் முதல் ஆளுமல்ல. கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் 1931இலேயே மனநோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் இந்த வேர் பயன்படுகிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டில் டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கீ வேரிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்து, அவற்றில் ஒன்றுக்குத் தன்னை ஆதரித்த யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். ராம்நாத் சோப்ராவின் கல்கத்தா ஆய்வுக்கூடமும் 1930களில் வேரை ஆராய்ந்தது. ஆயுர்வேத அறிஞர், யுனானி மருத்துவரின் பெயரைச் சுமக்கும் வேதிப்பொருள், அலோபதி ஆய்வகம், பார்சி இதய மருத்துவர் என்று எல்லோரும் ஒரே வேரைச் சுற்றி நின்ற காலம் அது. இன்று சமூக ஊடகங்களில் சித்தாவும் அலோபதியும் இரண்டு அணிகளாக நின்று ஒன்றை ஒன்று தூற்றுவதைப் பார்க்கும்போது, அந்த இருபது ஆண்டுகளின் மேல் எனக்கு ஏக்கமே வருகிறது.

1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்து ஆய்வாளர்கள் வேரின் முக்கியமான சத்தைத் தனியாகப் பிரித்து ரெசர்பின் என்று பெயரிட்டார்கள். 1957இல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. இந்தக் கதையில் பலரும் சொல்லாமல் விடும் கட்டம் அதற்கு அடுத்ததுதான். உயர் ரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை கொடுத்தால் உயிர் காப்பாற்றப்படுகிறதா, அல்லது வெறும் எண் மட்டும் இறங்குகிறதா என்ற கேள்வி அப்போது திறந்தே கிடந்தது. முதிய வயதில் அழுத்தம் ஏறுவது உடலுக்குத் தேவை, அதை இறக்கினால் ஆபத்து என்று நம்பிய பெரிய மருத்துவர்கள் இருந்தார்கள். எட்வர்ட் ஃப்ரைஸ் தலைமையில் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் ஒரு சோதனை நடத்தி 1967இல் முடிவை வெளியிட்டன. கீழ் அளவு 115க்கும் 129க்கும் இடையில் இருந்த 143 ஆண்கள். 73 பேருக்கு மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சை, 70 பேருக்கு மருந்துபோலி. மருந்துபோலி பெற்றவர்களில் 27 பேருக்குப் பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்ற கடும் பாதிப்புகள் வந்தன. சிகிச்சை பெற்றவர்களில் 2 பேருக்கு மட்டுமே வந்தன. அந்த மூன்று மருந்துகளில் ஒன்று ரெசர்பின். உயர் ரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்பதை உலகத்துக்கு நிரூபித்த சோதனையில் நம் காட்டு வேரின் சத்தும் இருந்தது.

அந்த வேருக்கு மறுபக்கமும் உண்டு. ரெசர்பின் நரம்பு முனைகளில் சேமிப்பாக இருக்கும் நார்அட்ரினலின், செரட்டோனின், டோபமின் ஆகியவற்றைக் காலிசெய்கிறது. ரத்தக்குழாய்கள் தளர்வதும் அதனால்தான், மூக்கடைப்பு வருவதும் சிலருக்கு மனம் சோர்ந்து இருண்டுபோவதும் அதனால்தான். பைத்தியத்துக்கான மருந்து என்று பீகாரில் பெயர் வாங்கிய குணமும், ரத்த அழுத்தத்தை இறக்கிய குணமும், மனச்சோர்வைக் கொண்டுவந்த குணமும் ஒன்றே. நாளுக்குக் கால் மில்லிகிராமுக்குள் நிறுத்தினால் தொல்லை குறைவு என்பது பின்னாளில் தெளிவானது. அதற்குள் அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் வந்துவிட்டன.

இயற்கை மருத்துவம் பேசுபவர்கள் இங்கே ஒரு வாதம் வைப்பார்கள்: செடியை முழுதாகக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது, ஒரு சத்தைப் பிரித்தெடுப்பதால்தான் தீங்கு வருகிறது. இந்த வாதத்தை நான் மதிப்போடு அணுகுகிறேன். சில செடிகளில் பல சத்துகள் ஒன்றுக்கொன்று துணையாகவோ தடையாகவோ வேலை செய்வது உண்மை. ஆனால் சர்ப்பகந்தா இதற்கு நல்ல சாட்சி இல்லை. அந்த வேரில் 50க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உள்ளன. ரெசர்பின் அழுத்தத்தை இறக்கும். அதே வேரில் இருக்கும் யோஹிம்பின் அழுத்தத்தை ஏற்றக்கூடியது. அஜ்மலின் இதயத்தின் மின்னோட்டத்தில் கைவைப்பது. புருகாடா நோய் என்ற பரம்பரை இதயத்துடிப்புக் கோளாறு ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, மருத்துவமனைக் கண்காணிப்பில் அதை ஊசியாகச் செலுத்தும் வழக்கம் இன்றும் உண்டு. எந்த மண்ணில் விளைந்தது, எந்தப் பருவத்தில் தோண்டியது என்பதைப் பொறுத்து இவற்றின் விகிதம் மாறும். முழு வேரைக் கொடுக்கும் வைத்தியர், இத்தனை சத்துகளையும் சேர்த்தே கொடுக்கிறார்.

பிரிட்டனில் மருத்துவர் வில்லியம் விதரிங் இதே கேள்வியை 1775இல் எதிர்கொண்டார். காலும் வயிறும் நீர்கோத்து வீங்கும் நோய்க்கு ஷ்ராப்ஷயர் பகுதிப் பெண்மணி ஒருவர் குடும்ப ரகசியமாக ஒரு கூட்டு மருந்து கொடுத்துவந்தார். மற்ற மருத்துவர்கள் கைவிட்டவர்களும் அதில் தேறினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் அதில் இருந்தன. தாவரவியல் தெரிந்த விதரிங், வேலை செய்வது அவற்றில் ஒன்றான ஃபாக்ஸ்குளோவ், அதாவது டிஜிட்டாலிஸ் இலைதான் என்று கண்டுகொண்டார். பிறகு பத்து ஆண்டுகள் பொறுமையாக அளவைத் தேடினார். இலையை எப்போது பறிப்பது, எப்படிக் காயவைப்பது, எத்தனை அரிசிஎடை கொடுப்பது, எந்த அறிகுறி வந்தால் உடனே நிறுத்துவது. 1785இல் 163 நோயாளிகளின் விவரங்களோடு புத்தகம் போட்டார். தேறாதவர்களையும் மருந்தால் பாதிக்கப்பட்டவர்களையும் மறைக்காமல் எழுதினார். நல்லதை மட்டும் பொறுக்கி எழுதியிருந்தால் தன் மருந்துக்கு இன்னும் பெரிய பெயர் கிடைத்திருக்கும் என்று அவருக்கும் தெரிந்தே இருந்தது. மூலிகை மருத்துவத்தின் உண்மையான பெரியவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால், நான் இவரைத்தான் காட்டுவேன்.

அந்த இலையின் உறவுக்காரச் செடிதான் டிஜாக்சின் என்ற இதய மாத்திரையின் மூலம். கம்பளி போன்ற மயிர் கொண்ட இன்னொரு வகை ஃபாக்ஸ்குளோவிலிருந்து 1930இல் அதைப் பிரித்தார்கள். 1997இல் வெளியான, 6,800 பேரைக் கொண்ட சோதனையில் டிஜாக்சின் மரண எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதைக் குறைத்தது. ரத்தத்தில் அதன் அளவு மிகக் குறுகிய ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். கொஞ்சம் தாண்டினால் வாந்தி, பார்வையில் மஞ்சள், தாறுமாறான துடிப்பு.

இந்த வகைச் சத்துகள் நமக்குத் தொலைவில் இல்லை. தமிழ்நாட்டின் சாலை நடுவிலும் வேலியோரங்களிலும் பூத்து நிற்கும் மஞ்சள் அரளியில் இருப்பவை இதே குடும்பத்து இதய நச்சுகள். இலங்கையில் அலரி என்பார்கள். அங்கே 1980களில் தொடங்கி அந்த விதைகளால் நஞ்சுண்ட ஆயிரக்கணக்கானவர்கள் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். டிஜாக்சினுக்கு எதிராகச் செம்மறி ஆடுகளில் உருவாக்கிய எதிர்ப்புரதம் இந்த நஞ்சையும் முறிக்கிறது என்பதை 2000ஆம் ஆண்டில் வெளியான இலங்கைச் சோதனை ஒன்று காட்டியது. இங்கிலாந்து இலையின் மருந்துக்குச் செய்த முறிவு யாழ்ப்பாணத்து வேலிச் செடிக்கும் வேலை செய்தது என்றால், இரண்டின் மூலக்கூறு வடிவமும் அவ்வளவு ஒத்திருப்பதால்தான்; இரண்டும் பிடிப்பது இதயத் தசையின் ஒரே சோடியம்–பொட்டாசியம் விசைக்குழாயைத்தான். தாவரம் என்பதால் தீங்கில்லை என்று சொல்பவர்களிடம் இந்தச் செடியைத்தான் காட்டத் தோன்றுகிறது.

கொழுப்பின் கதை இன்னும் சிக்கலானது. வாரணாசியில் ஆய்வு மாணவியாக இருந்த ஜி.வி. சத்யவதி, உடல் பருத்து நோயாவது பற்றிச் சுச்ருத சம்ஹிதை சொல்வதைப் படித்தார். அது ரத்தக் கொழுப்பு மிகுந்து குழாய்கள் அடைபடும் இன்றைய நோய்க்கு ஒத்துவருவதாக அவருக்குப் பட்டது. அங்கே சொல்லப்பட்ட குக்குலு என்ற மரப்பிசினை விலங்குகளில் சோதித்து 1966இல் ஆய்வேட்டை முடித்தார். பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் ஆனார். லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் குக்குலுச் சாற்றிலிருந்து மருந்து செய்தது; இந்தியச் சோதனைகளில் கொழுப்பு குறைந்தது. பழைய நூலை மூடநம்பிக்கை என்று ஒதுக்காமலும் வேதவாக்கு என்று கும்பிடாமலும், சோதிக்கத் தக்க ஒரு கருத்தாக எடுத்துக்கொண்ட அந்த அணுகுமுறை எனக்கு மிகவும் பிடித்தது.

2003இல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் அதைச் சோதித்தார்கள். மருந்துபோலி எடுத்தவர்களுக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 5 சதவீதம் குறைந்தது. குக்குலு எடுத்தவர்களுக்கு 4 முதல் 5 சதவீதம் ஏறியது. சிலருக்குத் தோலில் தடிப்பு வந்தது. ஏன் இப்படி? அமெரிக்கர்களின் உணவு வேறு என்று ஒரு விளக்கம் உண்டு. இந்தியச் சோதனைகளின் கட்டமைப்பு தளர்வானது என்று இன்னொரு விளக்கம் உண்டு. எனக்கு இரண்டாவதே வலுவாகப் படுகிறது. ஆனால் இந்தியாவில் பெரிய அளவில், கறாராக, மறுபடி சோதித்து இந்த வழக்கை முடித்துவைக்க வேண்டிய கடமை நமக்கு இருந்தது. அதைச் செய்யாமலே பிசினை விற்றுக்கொண்டிருக்கிறோம். ராஜஸ்தான், குஜராத்தின் வறண்ட நிலங்களில் அந்த மரத்தை வெட்டிவெட்டி, அது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் உலகப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

மருத மரத்தின் பட்டை நமக்கு இன்னும் நெருக்கமானது. திருவிடைமருதூர் என்ற ஊரின் பெயரிலேயே நிற்கும் மரம். அங்குள்ள கோயிலின் தலமரம். சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் இதயம் என்றால் முதலில் நினைவுக்கு வரும் மரம். இந்தூரில் 1995இல் 12 நோயாளிகளிடம் நடந்த சிறு சோதனை பெரும் நம்பிக்கை தந்தது. பிறகு டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் பன்னிரண்டு வாரம் சோதித்தபோது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் ரத்தத்தின் விகிதம் உயரவில்லை. சிலருக்கு நடக்கும் திறனும் அன்றாட வாழ்வின் தரமும் மேம்பட்டன. இது முழுத் தோல்வியும் இல்லை, மாத்திரையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பட்டைக் கஷாயத்துக்கு மாறும் அளவுக்கான வெற்றியும் இல்லை. இதயச் செயலிழப்பில் ஆயுளை நீட்டிக்கும் என்று நிரூபணமான மருந்துகள் இன்று நான்கு வகைகள் உள்ளன. அவற்றை நிறுத்திவிட்டு மூச்சுத்திணறலோடு திரும்பி வருபவர்களை எந்த இதய மருத்துவரும் அறிவார்.

சமையலறைச் சரக்குகளைப் பற்றிய ஒரு சோதனையையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சுமார் 200 பேரிடம் நடந்து 2022இல் வெளியானது. ஒரு குழுவுக்கு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான ரோசுவாஸ்டாட்டின், மிகச் சிறிய அளவாக 5 மில்லிகிராம். மற்றவற்றுக்கு மீன் எண்ணெய், லவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டீரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகியவற்றின் மாத்திரைகள், ஒரு குழுவுக்கு மருந்துபோலி. 28 நாளில் ஸ்டாட்டின் எடுத்தவர்களின் எல்டிஎல் கிட்டத்தட்ட 38 சதவீதம் இறங்கியது. மற்ற ஆறும் மருந்துபோலியைத் தாண்டவில்லை. 28 நாள் குறுகிய காலம்தான். பூண்டும் மஞ்சளும் குழம்பில் இருப்பது வேறு, மாத்திரையில் இருப்பது வேறு என்பதும் சரிதான். அந்த வேறுபாட்டையே நான் பிடித்துக்கொள்கிறேன். பூண்டு உணவாக இருக்கும்போது நல்ல உணவு. அதை மருந்து என்று விலைபேசும்போது மருந்துக்குரிய சாட்சியத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஸ்டாட்டினை ரசாயனம் என்று வெறுப்பவர்களுக்கு அதன் பிறப்பையும் சொல்ல வேண்டும். ஜப்பானின் அகிரா எண்டோ 6,000க்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்து, 1973இல் கியோட்டோவின் தானியக் கடையில் எடுத்த அரிசியில் வளர்ந்திருந்த பூஞ்சை ஒன்றிலிருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டார். சீனர்கள் நெடுங்காலமாகச் சாப்பிட்டுவந்த சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருக்கும் மோனகோலின் கே என்ற சத்தும், 1987இல் சந்தைக்கு வந்த லோவாஸ்டாட்டினும் ஒரே மூலக்கூறு. ஆக, இயற்கை வடிவத்தை எடுத்தாலும் நீங்கள் எடுப்பது ஸ்டாட்டின்தான். எவ்வளவு எடுக்கிறீர்கள் என்பது மட்டும் தெரியாது. 2024இல் ஜப்பானில் அந்த அரிசி மாத்திரைகளைச் சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. தயாரிப்பில் வேண்டாத வேறொரு பூஞ்சையின் நச்சு கலந்திருந்ததாகக் கண்டார்கள்.

மூலிகைகளைப் பற்றி இவ்வளவு கறாராகப் பேசியபின் உணவுக்கு வரும்போது என் குரல் மாறுகிறது. காரணம், உணவின் பக்கம் சாட்சியம் வலுவாக இருக்கிறது. ரெசர்பினுக்கு முந்தைய 1940களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர், கடும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சோறும் பழமும் சர்க்கரையும் மட்டும் கொடுத்தார். பலருக்கு அழுத்தம் இறங்கியது, வீங்கிய இதயம் சுருங்கியது, விழித்திரையின் ரத்தக்கசிவு ஆறியது. சோற்றுக்கு அப்படியொரு சக்தி இருந்தால் தஞ்சாவூரில் ஒருவருக்கும் ரத்த அழுத்தம் வந்திருக்கக் கூடாது. கெம்ப்னரின் சோற்றில் உப்பு இல்லை என்பதே பெரிய காரணம். நாம் சோற்றைத் தொடும்போது கூடவே ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் வந்துவிடுகின்றன.

யாராலும் ஆயுள் முழுக்கக் கெம்ப்னரின் உணவைச் சாப்பிட முடியாது. சாப்பிடக்கூடிய ஒன்றை 1997இல் வெளியான டாஷ் சோதனை காட்டியது. 459 பேர். காய், பழம், கொழுப்புக் குறைந்த பால், முழுத் தானியம், பருப்பு, கொட்டைகள் நிறைந்த உணவு. உப்பைக் குறைக்காமலேயே, உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் அளவு 11.4 புள்ளி இறங்கியது. ஒரு மாத்திரை செய்யும் வேலைக்கு இது சமம். பிரான்சின் லியோன் நகரில் மாரடைப்பு வந்த 605 பேரிடம் நடந்த சோதனையில் மத்தியதரைக்கடல் பாணி உணவு மறு மாரடைப்பைப் பாதிக்கும் மேல் குறைத்தது. ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த சோதனை 2013இல் வெளிவந்து, சில இடங்களில் குழுக்களைப் பிரித்த முறையில் பிழை இருந்ததால் திரும்பப் பெறப்பட்டு, 2018இல் திருத்தி மறுபடி வெளியிடப்பட்டது. ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ சேர்த்த மத்தியதரைக்கடல் உணவு இதயப் பாதிப்புகளைச் சுமார் 30 சதவீதம் குறைக்கிறது என்ற முடிவு மாறவில்லை. பிழையை ஒப்புக்கொண்டு திருத்திய அந்த நேர்மையும் எனக்கு ஒரு சாட்சியமே.

இதைக் கேட்டு உடனே ஆலிவ் எண்ணெய் வாங்க ஓட வேண்டியதில்லை. அந்த உணவின் எலும்புக்கூட்டை நம் கடைத்தெருவிலேயே கட்டலாம்: கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, கீரை, வாழைப்பூ, வேர்க்கடலை, மத்தி, நெத்திலி, தீட்டாத அரிசி, வரகு, கேழ்வரகு, நல்லெண்ணெய், கடலை எண்ணெய். நம் தட்டின் சிக்கல் என்னென்ன இருக்கிறது என்பதில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது. மலைபோலத் தீட்டிய அரிசிச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். அந்த விகிதத்தைத் திருப்புவது எந்தக் கஷாயத்தைவிடவும் பலன் தரும், எந்தக் கஷாயத்தைவிடவும் கடினமானது. தேங்காய் எண்ணெயைப் பற்றி இரு தரப்பிலும் சத்தம் அதிகம். பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு ஆய்வு, மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது எல்டிஎல்லை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஏற்றுகிறது என்றது. கொச்சியில் 200 இதய நோயாளிகளிடம், வழக்கமான மருந்துகளோடு, இரண்டு ஆண்டு பார்த்தபோது சூரியகாந்தி எண்ணெய்க்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. அவியலில் ஒரு கரண்டி ஊற்றலாம். காலையில் வெறும் வயிற்றில் குடிப்பதற்கு ஆதாரம் இல்லை.

உப்பின் விஷயத்தில் ஒரு சோதனை என்னை மிகவும் கவர்ந்தது. சீனாவின் 600 கிராமங்களில் 20,995 பேர். பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு. மறுபாதிக்கு, கால்பங்கு சோடியம் குளோரைடுக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. ஏறக்குறைய ஐந்து ஆண்டு. 2021இல் முடிவு வந்தது: பக்கவாதம் 14 சதவீதம் குறைவு, மரணமும் குறைவு. அந்தக் கிராமங்களிலும் நம்மைப் போலவே உப்பு பெரும்பாலும் வீட்டு அடுப்படியில்தான் உணவில் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராம் உப்பு என்கிறது. நாம் அதை வெகுவாகத் தாண்டுகிறோம். இந்துப்பு என்று அதிக விலைக்கு வாங்குவதும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். ரத்த அழுத்தத்துக்கு அது நல்லது என்று நம்பி அள்ளிப்போடுபவர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது.

முழுமை என்ற சொல் இங்கேதான் பொருந்துகிறது. அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷ் 1990இல் வெளியிட்ட சோதனையில் இதயக் குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு மிகக் கொழுப்புக் குறைந்த சைவ உணவு, நடை, ஆசனம், தியானம், புகையை விடுதல், வாரந்தோறும் ஒன்றாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுதல் எல்லாம் சேர்ந்து கொடுக்கப்பட்டன. அடைப்பு சற்றே பின்வாங்கியது. ஆர்னிஷின் குரு, கோவைக்கு அருகிலுள்ள செட்டிபாளையத்தில் பிறந்து, 1969இல் உட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்த சுவாமி சச்சிதானந்தர். 48 பேர் மட்டுமே இருந்த அந்தச் சோதனையில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் இதயநோயாளியை ஒரு குழாயாகப் பார்க்காமல் ஒரு வாழ்க்கையாகப் பார்த்தது அது. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புகளில் சுமார் 90 சதவீதத்தை ஒன்பது காரணிகள் விளக்கிவிடுகின்றன என்றது: புகை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவு, உடலுழைப்பின்மை, மது. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாகவே வருகிறது என்பதும் அந்த ஆய்வின் தரவுகளில் தெரிந்தது. நவீன மருத்துவம் மனிதனை முழுதாகப் பார்ப்பதில்லை என்று குறைசொல்பவர்கள் இந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பும் மருத்துவர்களும் படிக்க வேண்டும்.

ஒருவர் உடம்புக்குள் போகும் எல்லாமும் அங்கே சந்தித்துக்கொள்கின்றன என்பதை மறப்பதுதான் இன்று பெரிய ஆபத்து. இருமலுக்கும் தொண்டைக்கும் நாம் கடிக்கும் அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின், உடலில் உப்பைத் தங்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும். 1940களில் நெதர்லாந்தில் வயிற்றுப் புண்ணுக்கு அதைக் கொடுத்தபோது பலருக்கு உடல் வீங்கியதிலிருந்து இது தெரியவந்தது. ஒரு துண்டு கடிப்பதால் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் பொடியாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். டிஜாக்சின் எடுப்பவருக்குப் பொட்டாசியம் குறைவது துடிப்பைக் குலைக்கும். கனடாவில் ஒரு மருந்துச் சோதனையில் மதுவின் சுவையை மறைக்கக் கொடுத்த கிரேப்ஃப்ரூட் சாறு, ரத்த அழுத்த மருந்தின் அளவை ரத்தத்தில் பலமடங்கு ஏற்றியது 1989இல் தற்செயலாகத் தெரிந்தது. நம் பம்பளிமாஸிலும் அந்தக் குணம் உண்டு. சில ஸ்டாட்டின்களோடும் அது சேராது. இதய வால்வு மாற்றியவர்கள் பலர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறார்கள். முருங்கைக்கீரையின் வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் துளியும் இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவில் சாப்பிட்டால் மருந்தின் அளவை அதற்கேற்ப வைக்கலாம். மேலே புகழ்ந்த பொட்டாசியம் உப்பும், தினமும் குடிக்கும் இளநீரும், சிறுநீரகம் பழுதானவருக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை எடுப்பவருக்கும் இதயத்தையே நிறுத்திவிடக்கூடியவை.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி கண்முன்னே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுகாதாரத் தன்னார்வலர்களான பெண்கள் வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறார்கள். பல அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு அதே வளாகத்தில் இருக்கிறது. அந்தப் பெண்கள் எழுதும் பதிவில் இன்னும் சில கேள்விகளைச் சேர்க்க வேண்டும்: என்ன கஷாயம், என்ன சூரணம், யார் கொடுத்தது, எத்தனை நாளாக, வீட்டில் எந்த உப்பு, எந்த எண்ணெய், வாரத்தில் எத்தனை நாள் கீரை. அந்த விவரம் பொதுமருத்துவருக்கும் சித்த மருத்துவருக்கும் ஒன்றுபோலப் போக வேண்டும். மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் இறங்காத பாட்டியிடம், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால், “அதிமதுரம் ஏதும் சாப்பிடுறீங்களா பாட்டி, ஊறுகாய் எவ்வளவு போட்டுக்கிறீங்க?” என்று கேட்க அப்போது ஒருவர் இருப்பார். கேட்டு எழுதிய அந்தப் பதிவுகள் சில ஆண்டுகள் சேர்ந்தால், மருதம்பட்டை குடித்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு என்ன ஆனது என்பதை விதரிங் செய்ததுபோல, தேறியவர்களையும் தேறாதவர்களையும் சேர்த்தே, நாமும் எழுதிவைக்கலாம்.